பார்த்துக்கொள்பவருக்கும் ஓய்வு வேண்டும்: இங்கிலாந்தில் கேட்டு வாங்கும் வழி

இங்கிலாந்தில் அம்மாவையோ கணவரையோ வீட்டில் சம்பளமின்றிப் பராமரிக்கும் எவரும், 2014 கேர் ஆக்ட்டின்படி உள்ளூர் கவுன்சிலில் 'கேரர்ஸ் அசெஸ்மென்ட்' (பராமரிப்பவரிடம் பேசி, அவருக்கு என்ன உதவியும் ஓய்வும் தேவை என்று பார்க்கும் மதிப்பீடு) கேட்கலாம். கட்டணம் கிடையாது, அதைச் செய்ய வருமானமும் பார்ப்பதில்லை.

பலர் கோட்டைவிடுவது அந்தப் பேச்சில்தான். "எப்படியோ சமாளிக்கிறேன்" என்று சொல்லிவிடுவார்கள். அதுவே குறிப்பில் ஏறிவிடும். முன்கூட்டியே ஒரு வாரம் நோட்டில் எழுதி வையுங்கள்: இரவு 1:10, கழிவறைக்குத் தாங்கிப் போனது, 3:40, படுக்கை நனைந்து விரிப்பு மாற்றியது, தள்ளிப்போட்ட உங்கள் சொந்த டாக்டர் அப்பாயின்ட்மென்ட். வாய் தயங்கும் இடத்தில் இந்த வரிகள் பேசும்.

இன்னொரு சிக்கல் இருக்கிறது. நீங்கள் ஓய்வெடுக்கும்போது வேறொருவர் வந்து பார்த்துக்கொள்வது, சட்டப்படி நோயாளிக்கான சேவை. ஆகவே நோயாளிக்கும் தனி அசெஸ்மென்ட் கேளுங்கள். அந்தச் சேவைக்குக் கட்டணம் வந்தால் நோயாளியுடைய வருமானம், சேமிப்பை வைத்தே கணக்கிட வேண்டும், உங்களுடையதைத் தொடக்கூடாது. உங்களுக்கானதை மட்டும் கேட்டால் விஷயம் பாதியில் நின்றுவிடலாம்.

கேரர்ஸ் அலவன்ஸ் (பராமரிப்பவருக்கு அரசு தரும் உதவித்தொகை) போய்விடுமோ என்று பயந்தே ஓய்வைத் தவிர்ப்பவர்கள் உண்டு. பொதுவாக 26 வாரத்தில் 4 வாரம் வரை விடுப்பு எடுத்தாலும் அது நிற்காது. தாராளமாகப் போய் வாருங்கள்.