ஒப்பந்தம் போட்ட பிறகுதான் வேலை

கோவை, ஈரோடு, சேலம் பக்கம் எந்தக் கல்லூரிக்குப் போனாலும் முதல்வர் அறைக்கு வெளியே ஒரு சுவர் முழுக்க, மாணவர், பணியாளர் பரிமாற்றத்துக்காக வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு போட்ட புரிந்துணர்வு ஒப்பந்தங்களின் படங்கள் மாட்டியிருக்கும். கொடி, கைகுலுக்கல், பொன்னாடை. அதில் எத்தனை ஒப்பந்தத்தின் பேரில் ஒரு மாணவராவது விமானம் ஏறினார் என்று கேட்டால் பதில் வர நேரமாகும். விசாவைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் விஷயம் முடங்குவது நம் தேர்வுப் பிரிவில்தான்.

முதல் சிக்கல் நாள்காட்டி. நம் ஒற்றைப்படை செமஸ்டர் ஜூலை வாக்கில் தொடங்கி நவம்பர், டிசம்பர் தேர்வோடு முடிகிறது. ஜெர்மனியில் குளிர்காலப் பருவ வகுப்புகள் அக்டோபரில் தொடங்கி பிப்ரவரி வரை ஓடும். அங்கே போகிற மாணவர் இங்கே ஒரு செமஸ்டரைப் பாதியில் விட்டுப் போகிறார், அடுத்ததில் பாதி கழிந்த பிறகு திரும்புகிறார். ஒரு பருவப் படிப்புக்கு இரண்டு செமஸ்டர் அரியர். அதனால் பொறியியலில் எட்டாம் செமஸ்டர் புராஜெக்ட்டை அனுப்பும் காலமாக வைப்பது நல்லது. அப்போது வகுப்பு குறைவு. அங்கே ஒரு வழிகாட்டி, இங்கே ஒரு வழிகாட்டி, வைவாவைக் காணொளியில் முடித்துவிடலாம். பெற்றோரின் முதல் கேள்விக்கும் இதில் பதில் இருக்கிறது: “ஏனுங்க சார், பையன் வெளிநாடு போயிட்டா கேம்பஸ் இன்டர்வியூ என்னாகுமுங்க?” ஏழாம் செமஸ்டரிலேயே பெரிய கம்பெனிகள் வந்து போய்விடும்.

அடுத்தது கிரெடிட், அதாவது ஒரு பாடத்துக்கான உழைப்பை அளக்கும் அலகு. ஐரோப்பாவில் ஓர் ஆண்டுக்கு 60 ஈசிடிஎஸ் (அவர்களுடைய கிரெடிட்டின் பெயர்). ஒரு ஈசிடிஎஸ் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு. நம் தேசிய கிரெடிட் கட்டமைப்பில் ஓர் ஆண்டுக்கு 40 கிரெடிட், ஒன்றுக்கு 30 மணி நேரம். ஆண்டுக்கு ஆண்டு வைத்துப் பார்த்தால் அவர்களுடைய 6 நமக்கு 4. மணிக்கணக்கில் பார்த்தால் அதே 6, நமக்கு 5 அல்லது 6 ஆகிவிடும். இரண்டு கணக்குக்கும் நியாயம் உண்டு. எதை எடுப்பது என்று மாணவர் கிளம்பும் முன்பே பாடத்திட்டக் குழுவில் பேசி, கல்விக் குழுவில் தீர்மானமாக ஏற்றிவிட வேண்டும். பாடத்துக்குப் பாடம் பொருத்திய அட்டவணையில் மாணவர், அனுப்பும் நிறுவனம், ஏற்கும் நிறுவனம் என மூன்று கையெழுத்தும் விழ வேண்டும். அங்கே போனபின் அவர் பாடத்தை மாற்றினால், அட்டவணையும் அப்போதே மாற வேண்டும். திரும்பி வந்தபின் பேசிக்கொள்ளலாம் என்று விட்டால், “இந்தப் பேப்பர் நம்ம சிலபஸ்ல இல்லையே” என்ற ஒரே வரியில் ஃபைல் நின்றுவிடும்.

மதிப்பெண் இன்னும் ஆபத்து. ஜெர்மானிய முறையில் 1.0 தான் உச்சம், 4.0 தேர்ச்சியின் விளிம்பு. சான்றிதழில் 1.3 என்று வந்ததைப் பத்துக்கு 1.3 என்று படித்தால், வகுப்பில் முதலாக வந்த பெண்ணுக்கு அரியர் விழும். நம் தேர்ச்சி எல்லை 5 என்றால், வெளிநாட்டு மதிப்பெண்ணை ஜெர்மானிய முறைக்கு மாற்ற அங்கே வழக்கத்திலிருக்கும் பவேரியச் சூத்திரத்தைத் திருப்பிப் போட்டால் அந்த 1.3 நமக்குப் பத்துக்கு 9.5. இந்தக் காரணத்தால்தான், பணியாளர் பரிமாற்றத்தில் கிடைக்கும் முதல் இடத்தைத் தேர்வுப் பிரிவுக் கண்காணிப்பாளருக்குத் தர வேண்டும் என்பது எங்கள் கருத்து. ஐரோப்பிய ஒன்றியத்தின் பரிமாற்றத் திட்டமான ஈராஸ்மஸில் அலுவலகப் பணியாளரும் பயிற்சிக்குப் போகலாம். 5 நாள் முதல் 60 நாள் வரை. துறைத்தலைவர்களுக்கு இது ரசிக்காது. ஆனால் எதிர்ப்பக்கத்து மதிப்பெண் பட்டியலைக் கையில் பிடித்துப் பார்த்த ஒருவர் செக்‌ஷனில் இருந்தால் பாதி ஃபைல் தானாக நகரும்.

பாடம் நடத்தப் போகிற ஆசிரியர் அதே திட்டத்தில் வாரத்துக்கு 8 மணி நேரமாவது வகுப்பெடுக்க வேண்டும். அவருடைய இங்கத்து வகுப்புகளை யார் எடுப்பது என்பது எழுத்தில் இல்லாவிட்டால், ஓ.டி. (ஆன் டியூட்டி அனுமதி) கையெழுத்தாகும் நாளில் துறையில் சண்டைதான்.

பெயரையும் முதல் ஆண்டிலேயே பார்க்க வேண்டும். மார்க் ஷீட்டில் ‘செந்தில்குமார் கே’, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து குடும்பப் பெயராக, வங்கிக் கணக்கில் இனிஷியல் முன்னால். மூன்றும் ஒரே ஆள் என்று தூதரகத்துக்கு விளக்க அஃபிடவிட், நோட்டரி என்று வாரங்கள் போகும். ஜெர்மன் மாணவர் விசாவுக்கு ஆண்டுச் செலவுக்காக வங்கிக் கணக்கில் முடக்கிக் காட்ட வேண்டிய 11,904 யூரோ வேறு தனிக்கதை. கட்டண விலக்கு என்றதும் எல்லாமே இலவசம் என்று நினைக்கும் வீடுகளுக்கு இந்தத் தொகையை முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

பரிமாற்றம் என்றால் அங்கிருந்தும் ஆள் வர வேண்டும். ஒருவருக்கு ஒருவர் என்ற கணக்கில்தான் கட்டண விலக்கு. பொதுவான பாடத்துக்கு யாரும் கோவை வரமாட்டார்கள். திருப்பூரின் சாயக்கழிவு நீர் சுத்திகரிப்புக்கு வருவார்கள்: 2011இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு கழிவுநீரே வெளியேறாத முறைக்கு ஒரு தொழில் நகரமே மாறிய இடம், நொய்யல் ஆற்றையும், அதில் வந்த சாயக்கழிவு தேங்கிய ஒரத்துப்பாளையம் அணையையும் ஒரு நாள் பயணத்தில் பார்த்துவிடலாம். நான்கு வாரப் பயிற்சியாக இதைக் கட்டினால் நாள்காட்டிச் சண்டையும் குறையும்.

வருகிறவர் என்ன விசாவில் வருகிறார் என்பதை அழைப்புக் கடிதம் அனுப்பும்போதே தீர்மானிக்க வேண்டும். சுற்றுலா விசாவில் வந்த பேராசிரியரைச் சொற்பொழிவுக்கு மேடையேற்றுவது இங்கே சகஜம். மாட்டினால் அடுத்த விசா அவருக்குத்தான் சிக்கலாகும். விடுதியில் வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அரசின் வெளிநாட்டவர் பதிவு இணையதளத்தில் தகவல் பதிய வேண்டும். வெள்ளிக்கிழமை இரவு விமானத்தில் வந்திறங்கினால் சனி, ஞாயிறு யார் பதிவது? வார்டனிடமும் ஒரு லாகின் இருக்கட்டும்.