சுருங்கிப்போன டீஷர்ட்

திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சண்டைசரா, அதாவது ஆர்டர மொதல்ல இருந்து ஷிப்மென்ட் வரைக்கும் பாத்துக்கற வேலைல, சேந்து பதினோரு வருசம் ஆச்சு, அதுல பாதிக்கு மேல கிட்ஸ் வேர் ஆர்டர்தான். பிங்க்னா பொண்ணு, ப்ளூனா பையன், இதுல யோசிக்க என்ன இருக்குன்னுதான் நானும் இருந்தேன். ஆர்டர் குடுக்கற பையர், துணி எப்படி இருக்கணும்னு வரைஞ்சு அனுப்பற டெக் பேக்ல போட்டிருக்கற கலருக்கு லேப் டிப், அதாவது சின்னத் துண்டுல சாயம் போட்ட சாம்பிள், எடுத்து அனுப்பணும், அப்ரூவல் வாங்கணும், அவ்ளோதான். அதுலயும் பேபி பிங்க் ஒரு தலைவலி, லைட் ஷேடுங்கறதால துணி சரியா ப்ளீச் ஆகலைன்னா திட்டுத்திட்டா தெரியும், அதுக்கு பாஸ்கிட்ட திட்டு வாங்கறதுதான் எனக்கும் பிங்க்குக்கும் இருந்த ஒரே ஒறவு.

ஒரு நாள் செக்கிங் அக்கா கூப்ட்டாங்க. "ஏனுங்க மேடம், இந்த லாட்டு பூரா சுருங்கிப் போச்சுங்க, தனியா எடுத்து வெச்சிருக்கறேன் பாருங்க"ன்னாங்க. ஷிப்மென்ட்டுக்கு மூணு நாள்தான் இருக்கு, எனக்கு பக்குன்னு ஆயிருச்சு. ஓடிப்போய் பாத்தா, நாலஞ்சு வயசு சைஸ், ப்ளூ டீஷர்ட்ட விரிச்சு அதுமேல பிங்க்க வெச்சிருக்காங்க, சுத்தியும் ப்ளூ தெரியுது. ரெண்டு பக்கமும் இடுப்புகிட்ட உள்வாங்கி இருக்கு, கை தோளோட நிக்குது, நீளம் ரெண்டு விரக்கடை கம்மி. டேப் வெச்சு அளந்து, பையர் குடுத்த அளவெல்லாம் இருக்கற ஸ்பெக் ஷீட்ட பாத்தேன், எல்லாம் கரெக்ட். "சுருங்கலீங்க்கா, இது கேர்ள்ஸ், அளவே இப்படித்தான்"ன்னேன். அவங்க ரெண்டையும் மாத்தி மாத்தி பாத்துட்டு, "நாலு வயசுப் புள்ளைக்கு இடுப்பு எங்கீங்க இருக்குது?"ன்னாங்க.

எங்கிட்ட பதில் இல்ல. அந்த வயசுல பையனுக்கும் பொண்ணுக்கும் ஒடம்பளவு கிட்டத்தட்ட ஒண்ணுதான், எங்க பேட்டர்ன் மாஸ்டர கேட்டாலும் அதத்தான் சொல்வார்.

கலர விடுங்க, எனக்கு உறுத்தறது பாக்கெட். ஏன்னா அதுல என் கை இருக்கு. பையர் கேக்கற டார்கெட் ப்ரைஸ் எட்டலைன்னா செலவுக் கணக்கு போடற காஸ்டிங் ஷீட்ல எதையாவது வெட்டணும், கேர்ள்ஸ் ஷார்ட்ஸ்ல நான் மொதல்ல வெட்டறது பாக்கெட்டத்தான், பையரும் ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்க. அதே பீஸ்ல க்ளிட்டர் பிரின்ட் இருக்கும், பாக்கெட்ட விட அதுக்குத்தான் செலவு ஜாஸ்தி, ஆனா அத தொட முடியாது. ஒரு வாட்டி பாய்ஸ் ஷார்ட்ஸ்ல பாக்கெட்ட எடுத்துப் பாத்தேன், அரை மணி நேரத்துல மெயில் வந்துருச்சு.

இதெல்லாம் காலங்காலமா இருக்கறதுன்னு நெனச்சேன், இல்ல. 1918ல அமெரிக்கால கொழந்தைத் துணி வியாபாரத்துக்குன்னே வந்த ஒரு பத்திரிகைல, பிங்க் அழுத்தமான கலர் அதனால பையனுக்கு, ப்ளூ மென்மையானது அதனால பொண்ணுக்குன்னு எழுதியிருக்காங்க. பின்னாடி அவங்க பிரசிடென்ட் ஆன ஃப்ராங்க்ளின் ரூஸ்வெல்ட்டோட 1884 போட்டோ ஒண்ணு இருக்கு, ரெண்டரை வயசுல வெள்ளைப் பாவாடை, தோள் வரைக்கும் முடின்னு உக்காந்திருப்பார். அத பாத்ததும் எனக்கு எங்க வீட்டு ஆல்பம்தான் ஞாபகம் வந்துச்சு, பழனில மொட்டை எடுக்கறதுக்கு முன்னாடி என் தம்பிக்கு ஜடை போட்டு பூ வெச்சு என்னோட பட்டுப்பாவாடைய கட்டிவிட்டு ஸ்டுடியோல எடுத்த படம். எங்க அப்பத்தாவுக்கு கொழந்தைத் துணியில இருந்த ஒரே கவலை கருப்பு ஆகாதுங்கறது மட்டுந்தான், அதுவும் ஆண் பெண் ரெண்டுக்கும் சேத்து.

1980கள்ல வயித்துல இருக்கறது ஆணா பொண்ணான்னு ஸ்கேன்ல முன்கூட்டியே தெரிய ஆரம்பிச்சப்பறந்தான் அங்க இந்த கலர் வியாபாரம் சூடு பிடிச்சிருக்கு. நம்ம நாட்டுல சொல்லக்கூடாதுன்னு 1994ல சட்டமே வந்துருச்சு, அதனாலயோ என்னவோ இங்க பிரசவத்துக்கு முன்னாடி கலர் பாக்கற பேச்சே இல்ல, மொத துணி இன்னும் பழைய வேட்டிதான். வியாபாரக் கணக்கு எனக்கு நல்லாவே புரியுது, மொதல்ல பொண்ணு அப்புறம் பையன்னா அந்த பிங்க் ஃப்ரில்லு தம்பிக்கு ஆகாது, புதுசு வாங்கித்தான் ஆகணும். அண்ணன் சட்டைய தங்கச்சிக்கு போடுவாங்க, அக்கா சட்டைய தம்பிக்கு போட மாட்டாங்க. ஆனா எங்க ஊரு காதர்பேட்டை துணி மார்க்கெட்ல எக்ஸ்போர்ட் மிச்ச ஸ்டாக் குமிஞ்சு கெடக்கறப்ப பாருங்க, வளர்ற புள்ளைங்கன்னு ரெண்டு சைஸ் பெருசா தேடற அம்மாங்க எல்லாம் பாய்ஸ் குவியல்லதான் நிப்பாங்க, பொண்ணுக்கு வாங்க வந்தவங்களும்.

2017ல இங்கிலாந்துல ஜான் லூயிஸ் கடை தன்னோட கிட்ஸ் துணி லேபிள்ல பாய்ஸ் தனி கேர்ள்ஸ் தனின்னு இருந்தத எடுத்துட்டாங்க. அத சொல்லி எங்க பையருக்கு ஒரு மெயில் போட்டேன், லேபிள் எல்லாம் வேண்டாம், கேர்ள்ஸ் ஷார்ட்ஸ்ல பாக்கெட் மட்டும் வெக்கலாமான்னு. ரெண்டு மாசம் பதிலே இல்ல. அடுத்த சீசன் டெக் பேக்ல பாக்கெட் வரைஞ்சிருந்துச்சு, எனக்கு அவ்ளோ சந்தோசம், ஜூம் பண்ணி பாத்தா வாய் மட்டும் தெச்ச டம்மி பாக்கெட்.

சாம்பிள் ஒண்ண வீட்டுக்கு கொண்டுபோனேன். என் பொண்ணு புளியங்கொட்டை பொறுக்கற கேசு, எங்க போனாலும் "அம்மா புடி"ன்னு என் கையிலதான் கொட்டுவா. போட்டதும் ஒரு கொட்டைய எடுத்து அந்த இடத்துல திணிச்சுப் பாத்தா, போகல. "ஏம்மா இத தெச்சு மூடிட்டீங்க, பிரிச்சு விடுங்க"ன்றா. பிரிக்கலாம்தான் கண்ணு, உள்ள பை இல்லியே, பிரிச்சா ஓட்டைதான் வரும்.