இடுக்கிக்கு முந்திய ஒரு நிமிடம்

பினாங்குத் தீவிலுள்ள ஒரு தனியார் மருத்துவமனையின் பிரசவ அறையில் 18 ஆண்டுகள் தாதியாகப் பணியாற்றினேன். அங்கே எத்தனை பைகள் தொப்புள்கொடி இரத்தம் எடுத்திருப்பேன் என்று கணக்கு வைத்ததில்லை. உள்ளங்கையில் அந்தப் பையின் இளஞ்சூடு மட்டும் இன்றும் நினைவிருக்கிறது.

குழந்தை பிறந்து, கொடியை இடுக்கியால் இறுக்கி வெட்டியபின், நஞ்சுக்கொடி இன்னும் தாயின் வயிற்றில் இருக்கும்போதே கொடியைக் கிருமிநாசினியால் துடைத்து, அதன் தடித்த சிரையில் ஊசியை ஏற்றுவோம். இரத்தம் உறையாதிருக்க மருந்து இட்ட பையைக் கட்டிலுக்குக் கீழே தாழ்த்திப் பிடித்து மெல்ல ஆட்டிக்கொண்டிருக்க வேண்டும். சில நிமிடங்களில், நீலம் பாரித்துப் புடைத்திருந்த கொடி வெளுத்துத் துவண்டுவிடும். பெரும்பாலும் 60 முதல் 100 மில்லிலிட்டர்தான் கிடைக்கும். அதைப் பெட்டியில் அடைத்துக் கொடுத்தால், ஆய்வுக்கூடத்தின் ஆள் வாங்கிக்கொண்டு கோலாலம்பூருக்குக் கொண்டுபோவார். அங்கே சிவப்பணுக்களைப் பெரும்பகுதி நீக்கி, புதிய இரத்த அணுக்களை உருவாக்கவல்ல குருத்தணுக்கள் பனியில் சிதையாதபடி காப்புத் திரவம் கலந்து, நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு பாகை வீதம் குளிர்வித்து, திரவ நைட்ரஜன் கலனில் வைப்பார்கள்.

ஒரு நாள் மாலை, வலி எடுக்கத் தொடங்கியிருந்த ஓர் இளம் தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மிஸ்ஸி, இத எடுத்து வச்சிட்டா பாப்பாவுக்குப் பின்னால எந்த நோய் வந்தாலும் காப்பாத்திடலாம்தானே?" என்று கேட்டார். சேமிப்புக் கட்டணத்துக்காக அவருடைய வளையல்கள் அடகுக் கடைக்குப் போயிருந்தன. நான் தலையசைத்தேன். அந்தத் தலையசைப்பை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஏனென்றால் அன்றே எனக்கு ஓரளவு விவரம் தெரியும். தலசீமியா போன்ற மரபணு நோயோடு ஒரு குழந்தை பிறந்தால், அதன் கொடி இரத்தத்திலும் அதே பழுது இருக்கும். அதைக் கொண்டு அந்தக் குழந்தையையே குணப்படுத்த முடியாது. சிறுவயதில் வரும் இரத்தப் புற்றுநோய்களில் பலவற்றின் வித்தும் பிறப்பதற்கு முன்பே விழுந்திருப்பதால், சொந்த இரத்தத்தைத் திரும்ப ஏற்ற மருத்துவர்கள் தயங்குவார்கள். அதோடு, வளர்ந்த ஒருவரின் உடல் எடைக்கு ஒரு பையிலுள்ள அணுக்கள் பல வேளைகளில் போதாது. 1988ஆம் ஆண்டு பாரிஸில் எலியான் குளுக்மன் என்ற மருத்துவர் செய்த முதல் கொடி இரத்த மாற்று சிகிச்சையிலும், ஃபான்கோனி சோகை என்ற அரிய மரபணு இரத்தநோயால் வாடிய ஒரு சிறுவனுக்கு ஏறியது அவனுடைய தங்கையின் இரத்தம். பிறருக்குப் பயன்படுவதே இந்த இரத்தத்தின் இயல்பு. கோலாலம்பூரில் தேசிய இரத்த மையம் பொதுச் சேமிப்பை நடத்துவதும் அதனால்தான். இதை எங்கள் அறையில் யாரும் பெற்றோரிடம் எடுத்துச் சொன்னதில்லை.

(காய்ந்து விழுந்த கொடியை வெள்ளித் தாயத்தில் அடைத்துக் குழந்தையின் இடுப்பில் கட்டுவது நம் பாட்டிமாரின் வழக்கம். முன்னோர்கள் குருத்தணுவை அறிந்திருந்தார்கள் என்று இப்போது பலர் பெருமையாகச் சொல்கிறார்கள். காய்ந்த கொடியில் உயிருள்ள அணு எதுவும் மிஞ்சுவதில்லை. ஆனாலும் அந்தத் தாயத்தைக் கட்டிய கைகளின் அன்பை நான் குறைத்து எண்ணியதே இல்லை.)

இன்னொரு குறையும் என் மனத்தில் உண்டு. பை கனமாக இருந்தால் எங்களுக்குப் பாராட்டு கிடைத்த காலம் அது. அதனால், குழந்தை வெளியே வந்த உடனேயே கொடியை இடுக்கும்படி மருத்துவரிடம் இடுக்கியை நீட்டியிருக்கிறேன். நலமாகப் பிறக்கும் குழந்தைக்குக் கொடியை ஒரு நிமிடமாவது விட்டுவைக்க வேண்டும், அந்த நேரத்தில் உள்ளே போகும் இரத்தம் பின்வரும் மாதங்களுக்கான இரும்புச்சத்து என்று உலகச் சுகாதார நிறுவனம் 2014இல் தெளிவாகவே வழிகாட்டியது. அதைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நான் நிறைத்த பைகளெல்லாம் அந்தப் பிள்ளைகளின் உடலுக்குப் போயிருக்க வேண்டிய இரத்தம். அதன்பின் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தோம். பைகள் இலேசாயின. "ஏன் இவ்வளவு கம்மி?" என்று கேட்ட தந்தையரிடம், மீதி குழந்தைக்குள் போய்விட்டது என்று மறைக்காமல் சொன்னேன்.

மனநிறைவோடு நான் எடுத்த பை ஒன்று உண்டு. புக்கிட் மெர்தாஜாமிலிருந்து வந்த லாரி ஓட்டுநர் ஒருவரின் மூத்த மகனுக்குத் தலசீமியா. மாதந்தோறும் அரசு மருத்துவமனையில் இரத்தம் ஏற்றுவார்கள். இரண்டாவது பிரசவத்தின்போது கொடி இரத்தத்தை எடுத்துவைக்கச் சொன்னவர் அந்தச் சிறுவனின் இரத்தநோய் மருத்துவர். உடன்பிறந்தவர்களுக்குள் திசு முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்றுதான் என்று அவர்களுக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். பையை ஆட்டிக்கொண்டிருந்த ஐந்து நிமிடமும் தாய் என் கையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார்.

திசு பொருந்தவில்லை. ஆனால் பிறந்த பெண்குழந்தைக்கு நோய் இல்லை. சென்ற தைப்பூசத்தன்று பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோவிலில் அந்தத் தாயைக் கண்டேன். மகனுக்கு இன்னும் மாதாமாதம் இரத்தம் ஏறுகிறதாம். தங்கையும் கூடவே போய், அவன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து படங்களுக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருப்பாளாம்.