தனியறையில் தங்கிப் படிப்பதன் பயன்

படிக்கும் காலத்தில் தனியே அறை எடுத்துத் தங்குவதைப் பற்றிப் பேசினால் எல்லோரும் சுதந்திரத்தைத்தான் முதலில் சொல்கிறார்கள். நினைத்த நேரத்தில் வரலாம், போகலாம் என்ற அந்த மகிழ்ச்சி சில வாரங்களில் பழகிவிடும். பழகிய பின்னும் குறையாத பயன், படிப்பதற்கு ஏற்ற சூழலை யாரிடமும் அனுமதி கேட்காமல் அமைத்துக்கொள்ள முடிவதே என்பது என் கருத்து.

மின்விசிறியின் ஒலியோ மழையின் இரைச்சலோ படிப்பை அவ்வளவாகக் கெடுப்பதில்லை. ஆனால் பக்கத்தில் யாரேனும் பேசிக்கொண்டிருந்தால், அந்தப் பேச்சு நமக்குச் சற்றும் தொடர்பில்லாதது என்றாலும், மனத்தில் வரிசையாக நிறுத்தி வைத்திருக்கும் சொற்களையும் எண்களையும் அது கலைத்துவிடுகிறது என்பதை உளவியலாளர்கள் பல சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். உடன் தங்குபவர் எவ்வளவு நல்லவராயினும் தொலைபேசியில் பேசாமல் இருக்க மாட்டார். பேசாதீர்கள் என்று சொல்லும் உரிமையும் நமக்கு இல்லை.

நாம் எழுப்பும் சத்தத்துக்கும் தனியறையில் இடமுண்டு. வாய்விட்டுப் படித்த சொற்கள் மௌனமாகப் படித்தவற்றைவிட நன்றாக நினைவில் நிற்கின்றன என்பதும் சோதித்தறியப்பட்டதே. அதற்கும் ஒரு படி மேலாக, புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, எதிரே ஒரு வகுப்பே அமர்ந்திருப்பதாக எண்ணிக்கொண்டு, ஒரு தேற்றத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை விளக்கிப் பார்க்கலாம். எந்த வரியில் குரல் தடுமாறுகிறதோ அந்த வரி நமக்குப் புரியவில்லை என்று பொருள். மற்றவர் முன்னிலையில் இப்படிச் சுவரோடு பேசக் கூச்சப்படாதவர்கள் இருக்கலாம். நான் அவர்களில் ஒருவன் அல்லன்.

உறக்கத்தின் கணக்கும் இதைச் சேர்ந்ததே. பதின்பருவத்தின் இறுதியில் உடலின் உள்கடிகாரம் பிந்தி ஓடுவது இயல்பு, ஆயினும் அது ஆளுக்கு ஆள் பெரிதும் வேறுபடும். நள்ளிரவு தாண்டியும் விளக்கெரித்துப் படிப்பவரும் விடியலுக்கு முன்பே எழுபவரும் ஒரே அறையில் இருந்தால், 18 வயதைக் கடந்தவர்களுக்குக் குறைந்தது தேவையெனச் சொல்லப்படும் 7 மணி நேர உறக்கம் இருவருக்குமே வாய்ப்பது அரிது.

சமைப்பதையும் துணி துவைப்பதையும் மாதச் செலவைத் திட்டமிடுவதையும் தனியே இருப்பவர் கற்றுக்கொள்கிறார் என்பார்கள். கூட்டாகத் தங்குபவர்களும் அவற்றைக் கற்கத்தான் செய்கிறார்கள். கழுவாமல் கிடக்கும் பாத்திரத்துக்கு வேறொருவரைக் குறை சொல்லும் வசதி தனியே இருப்பவருக்கு இல்லை என்பது மட்டுமே வேறுபாடு.

வாடகையைப் பகிர ஆளில்லை என்பதும், காய்ச்சல் வந்தால் மருந்து வாங்கி வர ஆளில்லை என்பதும் உண்மையான குறைகளே. அதனால் அறை தேடும்போது, அதன் பரப்பைக் காட்டிலும், நம்பகமான நண்பர் ஒருவரின் வீடு நடந்து போகும் தொலைவில் இருக்கிறதா என்பதையே நான் முதலில் பார்ப்பேன்.