வைரத்தின் மேல் நைட்ரஜன்: பூஜ்யம் எங்கே?

வைரத்தோடு நைட்ரஜன் இத்தனை எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) வலுவில் பிணைகிறது என்று யாராவது மொட்டையாக ஓர் எண்ணைச் சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. பூஜ்யத்தை எங்கே வைத்தார்கள்? தனி நைட்ரஜன் அணுவிலா, காற்றில் இருக்கும் இரட்டை அணு மூலக்கூறிலா? அந்த மூலக்கூறைப் பிளக்க ஏறத்தாழ 9.8 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். அணு ஒன்றுக்கு 4.9 பங்கு விழும். முதல் கணக்கில் அட்டையாக ஒட்டியிருக்கும் அணு, இரண்டாவது கணக்கில் அவ்வளவு வலுவாகத் தெரிவதில்லை.

மன்னார்குடிப் பக்கம் இதைப் புரியவைப்பது சுலபம். சம்பாவுக்கு மேலுரம் போடும் நேரத்தில் அப்பா கேட்டார்: "காற்றில் முக்கால் பங்குக்கு மேல் அதுதானே, அம்மாடி? பிறகு எதற்கு யூரியா மூட்டைக்குக் காசு?" காற்றின் நைட்ரஜனை உடைத்து அம்மோனியாவாக்கத்தான் ஆலையில் இரும்பு வினையூக்கியும் 400 டிகிரி வெப்பமும் நூறு மடங்குக்கும் மேலான வளிமண்டல அழுத்தமும் தேவைப்படுகின்றன. வயலில் அசோலாவுக்குள் குடியிருக்கும் நீலப்பச்சைப் பாசி அதையே சத்தமில்லாமல் செய்கிறது, எனக்குப் பொறாமைதான். வைரத்தில் வேலை செய்கிறவர்கள் பிளாஸ்மாவை, அதாவது மின்னேற்றம் பெற்ற வாயுவைக் கொண்டு மூலக்கூறை உடைக்கிறார்கள்.

என் கணினியில் இருப்பது சில அடுக்குக் கார்பன், அதற்கு மேல் வெற்றிடம், அடியில் அறுபட்ட பிணைப்புகளை மூட ஹைட்ரஜன். எலக்ட்ரான் அடர்த்தியிலிருந்து ஆற்றலைக் கணிக்கும் முறை இது. 1964, 1965 ஆண்டுகளில் வால்டர் கோன் தன் சகாக்களோடு இதற்கு அடித்தளமிட்டார். 1998இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

வைரப் படிகத்தை எந்தத் திசையில் வெட்டினோம் என்பதைப் பொறுத்து அதன் முகங்களுக்கு 111, 100 என்று எண்ணிட்டு அழைப்போம். 111 முகம் பெருந்தன்மையானது. மேலடுக்குக் கார்பன் ஒவ்வொன்றுக்கும் கீழே மூன்று பிணைப்புகள், மேலே ஒன்று அறுந்து நிற்கும். அதன் இடத்தில் நைட்ரஜனை வைத்தால் அதற்கு வேண்டியதும் அந்த மூன்றுதான். மிச்ச எலக்ட்ரான் ஜோடி வெளியே பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும். 100 முகம் அப்படியல்ல. ஒவ்வொரு கார்பனிலும் இரண்டு பிணைப்புகள் அறுந்திருப்பதால் பக்கத்து அணுக்கள் ஜோடி சேர்ந்து வரிசை கட்டிவிடும். நைட்ரஜன் ஜோடியின் மேல் பாலமாக அமருமா, பிரித்து நடுவில் நுழையுமா, ஒரு கார்பனைத் துரத்திவிட்டு இடம் பிடிக்குமா, ஹைட்ரஜனைத் துணைக்கு அழைக்குமா? ஒவ்வொன்றையும் தனித்தனியே வைத்து அணுக்களை நகரவிட்டுப் பார்க்க வேண்டும். நிரலோ நாம் தொடங்கிய இடத்துக்குப் பக்கத்தில் கிடைக்கும் ஆற்றல் குறைந்த பள்ளத்திலேயே நின்றுவிடும்; ஆழமான பள்ளம் வேறெங்கோ இருக்கக்கூடும்.

இவ்வளவு பாடு, வைரத்துக்குள் ஒரு நைட்ரஜனும் அதை அடுத்துக் கார்பன் இல்லாத காலியிடமும் சேர்ந்த குறைபாட்டுக்காக. பச்சை லேசர் பட்டால் சிவப்பாக ஒளிரும். அந்த ஒளியை வைத்துக் காந்தப்புலத்தை அளக்கலாம். வெளியே இருப்பதை அளக்க அது மேற்பரப்பை ஒட்டி இருக்க வேண்டும். ஆனால் மேற்பரப்பு ஹைட்ரஜனால் மூடப்பட்டிருந்தால் அந்தக் குறைபாடு தன் எலக்ட்ரானைப் பறிகொடுத்துவிடும். நைட்ரஜன் மூடிய பரப்பு அதைக் காக்கும் என்பது எதிர்பார்ப்பு.

ஆகவே நான் ஒற்றை எண் தருவதில்லை. சுற்றிலும் நைட்ரஜன் எவ்வளவு, ஹைட்ரஜன் எவ்வளவு, வெப்பம் எவ்வளவு என்பதைப் பொறுத்து எந்த அமைப்பு நிலைக்கும் என்று வரைபடமாகவே கொடுக்கிறேன். பார்க்கச் சிக்கலாக இருக்கிறது என்று முணுமுணுப்பவர்கள் முணுமுணுக்கட்டும்.