ஏப்ரன் கட்டிய அப்பா

'ரெபல் விதவுட் எ காஸ்' ('காரணமில்லாத கலகக்காரன்', 1955) என்ற ஹாலிவுட் படத்தை முதல் தடவை பார்த்தபோது மகனாக நடித்த ஜேம்ஸ் டீனைத் தவிர வேறு யாரும் என் கண்ணில் படவில்லை. அந்தச் சிவப்பு ஜாக்கெட், வார்த்தையாக வராத கோபம், எல்லாமே என்னுடையது மாதிரி இருந்தது. போன வாரம் மறுபடி பார்த்தேன். இந்தத் தடவை படத்தில் வரும் அப்பாவை விட்டுக் கண் நகரவே இல்லை.

மனைவிக்காக எடுத்துப்போன சாப்பாட்டுத் தட்டு கொட்டிவிட, சூட்டுக்கு மேல் ஏப்ரன் கட்டிக்கொண்டு மண்டியிட்டுப் பொறுக்குகிறார். மகனுக்குத் தாங்கவில்லை, எழுந்திருக்கச் சொல்கிறான். ஆம்பளை ஏப்ரன் கட்டினால் வீடு கெட்டுப்போகும் என்ற அந்தக் காலத்துப் பயம் இது, படமும் அதை அப்படியே நம்புகிறது. இதில் எனக்கு உடன்பாடே கிடையாது. ஒரு சமையலறைத் துணியில் என்ன இருக்கிறது? அவர் தவறுகிற இடம் வேறு. மானப் பிரச்சினை, இப்போது நான் என்ன செய்யட்டும் என்று மகன் வந்து நிற்கும்போது, அவசரப்படாதே, பட்டியல் போட்டு யோசிக்கலாம் என்கிறார். அப்புறம் கார் பந்தயத்தில் ஒரு பையன் செத்துப்போய், போலீஸிடம் உண்மையைச் சொல்லியே தீருவேன் என்று மகன் துடிக்கும்போது, நீ மட்டும் ஏன் மாட்டிக்கொள்ள வேண்டும் என்று வீட்டில் தடுக்கிறார்கள்.

அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பது இப்போது எனக்குப் புரிகிறது. 1930களில் வேலையில்லாமல் தவித்த அமெரிக்காவைப் பார்த்தவர்கள், அடுத்து போரையும் பார்த்தவர்கள், கடைசியில் புறநகரில் ஒரு வீடு கிடைத்ததும் அதை இறுகப் பிடித்துக்கொண்டார்கள். அந்த வீடும் எல்லாருக்கும் கிடைக்கவில்லை. 1947இல் நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டில் எழுந்த லெவிட்டவுன் என்ற புறநகரில் கறுப்பினக் குடும்பங்களுக்கு இடமில்லை. 1960இல் கிரீன்ஸ்பரோ நகரத்தில், வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த உணவுக் கவுன்டரில் உட்கார்ந்து, எழ மறுத்த 4 கறுப்பின மாணவர்களின் கோபத்துக்குக் காரணம் இல்லை என்று யார் சொல்ல முடியும்? டீனின் படத்தில் அவர்களுடைய உலகமே கிடையாது, அந்தக் குறை எனக்கு இன்னமும் உறுத்துகிறது.

'தி கிராஜுவேட்' (1967) வரும்போது மகன்கள் அப்பாவிடம் கேள்வி கேட்பதையே விட்டுவிட்டார்கள். வியட்நாமுக்கு அனுப்ப 18 வயது போதும், ஓட்டுப் போட மட்டும் பெரும்பாலான மாநிலங்களில் 21 ஆக வேண்டும் என்றிருந்த வருஷங்கள் அவை. 1971இல்தான் அரசியல் சட்டத்தைத் திருத்தி நாடு முழுக்க 18 ஆக்கினார்கள். படத்தின் முடிவில் கல்யாணத்திலிருந்து ஓடிவந்து பஸ் ஏறும் இருவரும் சிரிக்கிறார்கள், சிரிப்பு மெல்ல வடிகிறது, அடுத்து என்ன என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. அவர்கள் பின்னால் விட்டுவந்த பெரியவர்களிடமும் பதில் இருந்திருக்காது.

ஆனாலும் நான் திரும்பத் திரும்பப் போவது 1955க்குத்தான். கடைசியில், கிரிஃபித் வானாய்வகத்தின் வாசலில், தன் சிவப்பு ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டே சுடப்பட்டு இறந்த நண்பனுக்கு, அவனுக்கு எப்போதும் குளிரும் என்று சொல்லி, ஜிப்பை இழுத்துவிடுகிறான் மகன். அப்போது அந்த அப்பா கோட்டைக் கழற்றி அவன் தோளில் போர்த்துகிறார்.