உட்லண்ட்ஸ் ஜன்னலோரம் வரும் மலேசியா சிக்னல்

சிங்கப்பூரில் அக்கா வீடு உட்லண்ட்ஸில், பதினோராவது மாடியில். ஹாலில் நின்றால் போனில் சிங்கப்பூர் நெட்வொர்க் காட்டும். துணி காயப்போடும் ஜன்னல் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றால் பெயர் மாறி மலேசிய நெட்வொர்க் வந்துவிடும். எதிரே ஜொகூர் நீரிணை, அதற்கு அந்தப் பக்கம் மலேசியாவின் ஜொகூர் பாரு நகரக் கட்டடங்கள். அவ்வளவு பக்கம். போன வருடம் அம்மாவைக் கூட்டிப் போயிருந்தபோது, இரண்டாம் நாள் காலையிலேயே போனை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"என்னலே, மலேசியான்னு மெசேஜ் வந்திருக்கு? நாம எங்கயும் போகலயே?"

அம்மா சிம்மில் டேட்டா ரோமிங்கை, அதாவது வெளிநாட்டு நெட்வொர்க்கில் நம் சிம்மிலேயே இணையம் ஓடுவதை, ஊரிலேயே அணைத்து வைத்திருந்தேன். அதனால் ஒரு பைசா போகவில்லை. செட்டிங்ஸுக்குள் போய், நெட்வொர்க்கைத் தானாகத் தேர்ந்தெடுக்கும் வசதியை நிறுத்திவிட்டு, சிங்கப்பூர் நெட்வொர்க் ஒன்றைக் கையால் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். எல்லையோரம் தங்குகிறவர்கள் முதல் நாளே செய்ய வேண்டிய வேலை இது. சிங்கப்பூருக்கு மட்டும் ரோமிங் பேக் (முன்பே காசு கட்டி வாங்கும் திட்டம்) போட்டுவிட்டு, இந்த ஜன்னல் பக்கம் டேட்டாவை ஆன் செய்து நின்றால் கணக்கு வேறு மாதிரி ஆகிவிடும்.

இந்தக் கவனம் எனக்கு 2014-இல் வந்தது. அப்போது முதல் வெளிநாட்டுப் பயணம். போஸ்ட்பெய்ட் சிம், பேக் எதுவும் போடவில்லை. சாங்கி விமான நிலையத்தில் இறங்கியதும் போனை ஆன் செய்தேன், மேப்பில் ஹோட்டலைத் தேடினேன், ரயிலில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். பின்னால் மெயிலும் போட்டோவும் தன்பாட்டுக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. ஊருக்குத் திரும்பியதும் பில் வந்தது. பத்து கே.பி.க்கு ஐந்தரை ரூபாய். மொத்தம் பதினேழு எம்.பி.தான் ஓடியிருந்தது, அதற்கு ஒன்பதாயிரத்துச் சொச்சம், வரி தனி. இன்றைய போனில் எடுக்கிற நாலைந்து படத்தின் அளவு அது.

அந்தப் பயத்தில் அடுத்த முறை, 2018-இல், வேறொரு தப்புச் செய்தேன். இந்திய சிம்மைக் கழற்றிப் பர்ஸில் போட்டுவிட்டு, சிங்கப்பூர் சிம்மைப் போட்டுக்கொண்டேன். மூன்றாம் நாள் இரவு திருநெல்வேலியில் அப்பாவுக்குக் காய்ச்சல் அதிகமாகி, பக்கத்து வீட்டுக்காரர்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கிறார். முன்பணம் கட்டச் சொல்கிறார்கள். நான் நெட்பேங்கிங்கில் பணம் அனுப்பப் பார்த்தால், ஓடிபி போவது பர்ஸில் கிடக்கிற சிம்முக்கு. அக்காவின் கம்மல் திருகை எடுத்து ட்ரேயைத் திறந்து சிம்மை மாற்றினேன். சிக்னலே இல்லை. ப்ரீபெய்டுக்கு மாறியிருந்த அந்த நம்பரில் இன்டர்நேஷனல் ரோமிங் வசதியை நான் கேட்டு வாங்கியிருக்கவில்லை. அன்று பக்கத்து வீட்டுக்காரரே தன் கையிலிருந்து கட்டினார். அப்பா மூன்றாம் நாள் நலமாக வீடு திரும்பிவிட்டார். ஆனால் அந்த இரவு ஒன்றரை மணி நேரம், போனைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாமல் உட்கார்ந்திருந்ததை நான் மறக்கவில்லை.

அதனால் ரோமிங் வேண்டுமா வேண்டாமா என்று யாராவது கேட்டால், அதை இரண்டு கேள்வியாகப் பிரிக்கச் சொல்கிறேன். ரோமிங் வேறு, டேட்டா ரோமிங் வேறு. முதலாவது கட்டாயம் வேண்டும். சிம் போனிலேயே இருக்க வேண்டும், வெளிநாட்டு நெட்வொர்க்கில் அது உயிரோடு இருக்க வேண்டும். ஓடிபி எஸ்எம்எஸ்ஸாக வருவது. அதற்கு டேட்டா தேவையில்லை, சிக்னல் போதும். என் திட்டத்தில் வருகிற எஸ்எம்எஸ்ஸுக்குக் காசு கிடையாது. அழைப்பை எடுத்துப் பேசினால்தான் நிமிடக் கணக்கு. கிளம்புவதற்கு முன் உங்கள் திட்டத்தில் எப்படி என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். யுபிஐ செயலியை புதுப் போனில் பதிவு செய்வதானால் ஊரிலேயே முடித்துவிடுங்கள். அந்த நம்பரிலிருந்தே ஒரு எஸ்எம்எஸ் போனால்தான் அது பதிவாகும்.

அம்மாவுக்கு இதெல்லாம் செய்ய ஒரு வாரம் பிடித்தது. அவள் வைத்திருந்தது பழைய 2ஜி பட்டன் போன். சிங்கப்பூரில் 2ஜி சேவையை 2017 ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டார்கள். எந்தப் பேக் போட்டாலும் அந்த போன் அங்கே மணி பார்க்கத்தான் உதவும். என் பழைய ஸ்மார்ட்போனுக்கு அவள் சிம்மை மாற்றி, வாட்ஸ்அப் வீடியோ கால் எடுக்கப் பழக்கினேன். பச்சையை மேலே தள்ள வேண்டும் என்பது நான்காம் நாள்தான் கைவந்தது.

இனி டேட்டா. ஒரே நாட்டில் ஒரு வாரத்துக்கு மேல் இருப்பதானால் உள்ளூர் சிம்தான் என் தேர்வு. இரண்டு சிம் போடும் போனில் நம்முடையது ஓடிபிக்கு, அவர்களுடையது டேட்டாவுக்கு. சிங்கப்பூரில் பாஸ்போர்ட்டைக் காட்டினால் கொடுத்துவிடுவார்கள். தேக்கா பக்கத்துக் கடையில் பதினைந்து வெள்ளிக்குள் (சிங்கப்பூர் டாலர்) வாங்கினேன். பத்து நாளில் பாதிகூடத் தீரவில்லை. கடைக்காரர் தஞ்சாவூர்க்காரர், சிம்மைப் போட்டு வேலை செய்கிறதா என்று பார்த்துத்தான் அனுப்பினார். ஒரு இடத்தில் மட்டும் கவனம். ஒரு சிம்மில் சிக்னல் குறைந்தால் இன்னொன்றின் டேட்டாவுக்குத் தானாக மாறிக்கொள்ளும் வசதி பல போன்களில் இருக்கிறது. அது ஆனில் இருந்து, இந்திய சிம்மில் டேட்டா ரோமிங்கும் ஆனில் இருந்தால், ரயில் சுரங்கத்துக்குள் போகும்போது உங்களுக்குத் தெரியாமலே மாறிவிடும். இந்த இரண்டு வசதியையும் அணைத்துவிடுங்கள்.

அப்படியானால் டேட்டா ரோமிங் எப்போது? இந்தப் பயணத்தில் ஒரு நாளுக்காக நானே வாங்கினேன், விலை கூடுதல் என்று தெரிந்தேதான். ஜொகூர் பாருவில் ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோவிலைப் பார்க்க வேண்டும் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். என் சிங்கப்பூர் சிம் மலேசியாவில் வேலை செய்யாது. சோதனைச் சாவடியில் அக்கா குடும்பம் ஒரு வரிசை, நாங்கள் வேறு வரிசை. கூட்டத்தில் அம்மா தனியாகப் பிரிந்துவிட்டால்? அரை நாளுக்காக இன்னொரு சிம் வாங்கி மாட்டுவதில் அர்த்தமில்லை. இரண்டு நாட்டுக்கும் சேர்த்து மூன்று நாள் ரோமிங் பேக் ஒன்றை அம்மா நம்பரில் போட்டு, டேட்டா ரோமிங்கை ஆன் செய்து, நெட்வொர்க்கைத் திரும்பவும் தானியங்கிக்கு மாற்றி, அவளுடைய லொகேஷன் எனக்குத் தெரிகிற மாதிரி வைத்தேன்.

950-ஆம் நம்பர் பஸ். நீரிணையின் இரண்டு கரையையும் இணைப்பது 1924-இல் திறந்த பாலம், நீளம் ஒரு கிலோமீட்டர்தான். நடுவில் போகும்போது பஸ்ஸுக்குள் ஒவ்வொரு போனாக டிங், டிங் என்று சத்தம். எல்லாருக்கும் மலேசியா மெசேஜ். அம்மா போனை நிமிர்த்திப் பார்த்துவிட்டு, "இப்ப நெசமாவே வந்துட்டோம்" என்றாள். கோவில் உள்ளே சுவர், தூண், மேற்கூரை எல்லாம் கண்ணாடித் துண்டுகள். விளக்கு ஒன்று அசைந்தால் நூறு இடத்தில் அசைகிறது. அம்மா ஒரு தூண் பக்கத்திலேயே அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டாள்.

திரும்பும்போதுதான் சிக்கல். மலேசியாவுக்கான டிஜிட்டல் வருகை அட்டையை, அதாவது நாட்டுக்குள் நுழையுமுன் இணையத்தில் நிரப்பும் படிவத்தை, காலையில் வீட்டு வைஃபையில் போட்டிருந்தேன். சிங்கப்பூருக்குள் மறுபடி நுழைவதற்கும் வருகை அட்டை புதிதாகப் போட வேண்டும் என்பது நினைவில் இல்லை. குடிநுழைவு (இமிகிரேஷன்) வரிசைக்குப் போகிற வழியில் அக்கா கேட்டாள். அம்மாவுக்குக் கால் வலி, பின்னால் கூட்டம். அம்மா போனிலிருந்து ஹாட்ஸ்பாட் எடுத்து, சுவரோரம் நின்று இரண்டு பேருக்கும் நிரப்பினேன். பேக்குக்குக் கொடுத்த காசு அந்தப் பத்து நிமிடத்திலேயே சரியாகிவிட்டது. இரண்டு அட்டையையும் நுழைவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் போட்டுவிடலாம், இரண்டும் இலவசம். பணம் கேட்கிற தளம் அரசாங்கத்துடையது இல்லை, மூடிவிடுங்கள்.

அப்புறம் எதிர்பார்க்காத ஒன்று. வந்த நாளிலிருந்து அம்மாவால் அவளுடைய சீரியலைப் பார்க்க முடியவில்லை. அக்கா வீட்டு வைஃபையில் அந்தச் செயலியைத் திறந்தால், நீங்கள் இருக்கும் நாட்டில் கிடைக்காது என்று சொல்லிவிடும். ரோமிங்கில் அப்படி இல்லை. பெரும்பாலும் நம் டேட்டா இந்தியாவுக்குப் போய், நம் கம்பெனியின் வழியாகத்தான் இணையத்துக்குள் நுழைகிறது. சில நேரம் கொஞ்சம் மெதுவாக இருப்பதற்கும் அதுதான் காரணம். செயலியின் கண்ணுக்கு நாம் இந்தியாவிலேயே இருக்கிறோம்.

பேக் மறுநாள் முடிகிறது, டேட்டா மிச்சம் இருந்தது. வைஃபையை அணைத்துவிட்டு சீரியலைப் போட்டுக் கொடுத்தேன். ஜன்னல் பக்கம் காற்று வருகிறது என்று அம்மா நாற்காலியை அங்கே நகர்த்தினாள். பேக்கில் மலேசியாவும் இருக்கிறது, அங்கேயே உட்காரலாம் என்று சொன்னேன். விட்டுப்போன ஒன்பது எபிசோடில் நாலைப் பார்த்து முடித்தபோது மணி பன்னிரண்டரை.